மிதி, பிடி

கெடிலம் பாலத்து இறக்கத்தில்
விடியக்காலை நாலேகாலுக்கு
பெடல் தரையைத் தொட்டதாம்.
முன்னால் பால்கேனோடு ஒரு டிவிஎஸ்.
தேவநாதன் கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து,
இடப்பக்கத்தைச் சுவரில் தேய்த்தே நிறுத்தினான்.
பதினோரு பெட்டி சங்கரா,
நாலு பெட்டி கவலை.
ஒன்றும் கொட்டவில்லை.

வந்து சாவியை என் கையில் வைத்தான்.
"மூணு மாசமா சொல்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
எதிர்த்துப் பேசியிருப்பேன்.

முதுநகரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
இன்னாசியின் பட்டறை.
வண்டியைத் தூக்கி மரக்கட்டை மேல் நிறுத்தி
அடியில் நுழைந்தவன்
ஒரு விரலால் பைப்பைத் தொட்டான்.
அப்பளமாய் உதிர்ந்தது.
"அக்கா, இது பைப் இல்ல.
பைப் இருந்த இடம்."

ஐஸ் உருகிய தண்ணீர்
உப்பும் செதிலும் ரத்தமுமாக
பலகை இடுக்கில் இறங்கி
இத்தனை வருஷமும் அதன்மேல்தான் சொட்டியிருக்கிறது.
இந்த டூ நாட் செவனை வாங்கித் தந்ததும் மீன்தான்.
அடியிலிருந்து தின்றதும் மீன்தான்.
என் கணக்கு நோட்டில்
முதலாவது மட்டும் இருக்கிறது.

துருப்பிடித்த நட்டுகள்
ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறின.
மூன்று வழிக்கு வந்தன.
நாலாவதற்கு
நெருப்பு காட்டி, கெட்ட வார்த்தை சொல்லி,
சிலுவை போட்டு,
மறுபடி கெட்ட வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

பழைய துண்டுகளை மணலில் வரிசையாகக் கிடத்தி
வளைவுக்கு வளைவு பார்த்துப்
புதியதை வளைத்தான்.
முனையை விரித்து, விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து,
முகம் மலர்ந்த பிறகுதான்
ஸ்டூல் மேல் நட்டு அப்படியே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.
விரிக்கும் முன்பே கோத்திருக்க வேண்டிய நட்டு.
அரை அங்குலம் வெட்டி எறிந்து
மறுபடி தொடங்கினான்.
அதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஆயில் ஊற்றியதும் ஆள் தேவைப்பட்டது.
பட்டறைப் பையன் டீக்குப் போயிருந்தான்.
"ஏறி உட்காருங்கக்கா."
பதினாலு வருஷமாக என் வண்டி.
அந்த சீட்டில் உட்கார்வது அன்றுதான்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்,
ஏனென்று தெரியாமல்.

அடியிலிருந்து குரல்: "மிதிங்க."
மிதித்தேன். பஞ்சு.
பஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை.
"பிடிங்க."
பின்னால் இடது சக்கரத்தில் எதையோ அவன் நெகிழ்த்த
அழுத்திய கால் தானாக அமிழ்ந்தது.
தண்ணி பாட்டிலுக்குள் குமிழிச் சத்தம்.
"காத்து. விடுங்க."
நாலாவது தடவையில் அந்த 'ங்க' உதிர்ந்துபோனது.

மிதி.
அடுத்த மாசம் பாத்துக்கலாம் தேவா.
பிடி.
சீட்டுப் பணம் வரட்டும்.
விடு.
மிதி.
மீன்பிடித் தடைக்காலத்துல வண்டி சும்மாதான நிக்கும், அப்ப பாப்போம்.
பிடி.
நீதான் கொஞ்சம் மெதுவாப் போயேன்.

இதைச் சொன்னது நான்தான்.
அவனிடமே.
சிரித்துக்கொண்டே.

முப்பதோ நாற்பதோ,
கால் பாதி வழியில் நின்றது.
அடியில் கல் முளைத்தது போல.
"இருக்கா?"
"இருக்கு."

சாயங்காலம் தேவநாதனுக்கு ஆள் அனுப்பினேன்.
வந்தான். என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து பைப்பைப் பார்த்தான்.
பெடலை மூன்று தரம்,
யோசித்து நாலாம் தரம்.
நான் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

உப்பனாற்றுக் கரைக்கு இறங்குகிற சரிவில்
வண்டியை வேகமாகவே விட்டான்.
எனக்காகத்தான் அந்த வேகம் என்று பட்டது.
தண்ணீர் தெரிந்தது.
படகுகளின் பெயர்களைப் படிக்க முடிந்தது.
ஒரு படகில் காய்ந்த சட்டைகூடத் தெரிந்தது.
அதன்பிறகுதான் மிதித்தான்.

வண்டி நின்றது.
காலிப் பெட்டிகள் மட்டும் நிற்காமல் வந்து
என் முதுகுக்குப் பின்னால் கேபினை முட்டின.
கீழே பார்த்தேன்.
என் வலது காலும்
பெடல் இல்லாத இடத்தில்
முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

அவனும் அதைப் பார்த்தான்.
"விடுக்கா" என்றான்.