கீழ்க்கணக்கு

பொகவந்தலாவையை விட்டேறினால்
மூன்றாவது கொண்டைவளைவில் சிக்னல் செத்துவிடும்.
அதற்கப்புறம் எல்லாம் கையால் எழுதியது.

ஏர்ட்மோர் தோட்டத்தில் கணக்கு என்றால் டிவிசன்.
மேற்கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு காம்பரா,
கீழ்க்கணக்கில் தொண்ணூற்றெட்டு.
நான் வந்தது வேறு கணக்குக்கு:
செங்கமாரி கண்ட ஒருவர்
இன்னும் எத்தனை பேரைக் கூட்டிக்கொள்வார் என்று.
ஒன்றரை, என்றது கணினி.
அரை ஆள் எங்கே நிற்பார் என்று
சாரதி விபுல கேட்டான்.

ஜூன் பதினான்கு, மேற்கணக்குத் தொட்டியில் குளோரின்.
பதினெட்டில் டிஸ்பென்சரிக்கு வந்தவர் பாதி.
'நாலே நாளில்' என்று அறிக்கை போயிற்று.
கைதட்டலும் ஆகிவிட்டது.

ஆனால் செங்கமாரி
உடம்பில் ஒரு மாதம் மூச்சுக்காட்டாமல் குடியிருக்கும்.
பதினெட்டாம் திகதி மஞ்சளான கண்
மே மாதத் தண்ணி குடித்த கண்.
அந்தக் குளோரின் அதைத் தொட்டிருக்கவே முடியாது.

பிறகு யார் குறைத்தது?

செவனாயி கூடையை இறக்காமலே சொன்னாள்:
"கண்ணு மஞ்சளாத்தான் கெடந்துச்சு மிஸ்.
மருந்துக்குப் போனா அரைப்பேரு.
இருவத்தஞ்சு பேரு விழாட்டி
மாசக் கடைசியில காசு கட்டு.
அதான் வரல்ல."

என் கோடு இறங்கிய இடத்தில்
அவள் மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

செக்ரோலைக் கேட்டேன்.
கணக்கப்பிள்ளை ஞானமுத்து
கடன் கொடுப்பவரைப் போல நீட்டினார்.
பேர் குறையவில்லை.
கிலோ குறைந்திருந்தது.
பதினெட்டு பறிக்கிற கை ஒன்பது, எட்டு,
ஒரு நாள் ஐந்தரை.
மழை நாளைக் கழித்தேன்,
கவாத்து வெட்டிய மலையைக் கழித்தேன்,
மிச்சம் நின்றது காய்ச்சல்.
நோய்ப் புத்தகம் விழுங்கியதைத்
தராசு கக்கிவிட்டது.

ஜூலை நடுவில் மேற்கணக்கில் கிலோ ஏறியது.
குளோரின் வேலை செய்துதான் இருக்கிறது,
யாரும் பார்க்காத ஒரு கிழமையில்.

மழை விட்டதால் இருக்கலாமே?
வரவேண்டியவர்க்கெல்லாம் வந்து ஓய்ந்திருக்கலாமே?
கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.
பதில் கீழ்க்கணக்கில் கிடந்தது.
அதே மழை, அதே ஊற்று, அதே நாட்சம்பளம்,
வேறு தொட்டி.
பாலம் உடைந்து லொறி இறங்காத கணக்கு.
அங்கே கிலோ ஏறவில்லை.

இயற்கைப் பரிசோதனை என்பார்கள் இதை.
இயற்கை ஒன்றும் செய்யவில்லை.
பாலத்துக்கான கோப்பு
மூன்று வருசமாய் ஏதோ மேசையில்
தேத்தண்ணிக் கோப்பையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கோடு. நடுவில் பிரிந்த வெளியை
நீலத்தில் நிழலிட்டேன்.
தவிர்க்கப்பட்டவை நாற்பத்தொன்று;
இருபத்தாறாகவும் இருக்கலாம், ஐம்பத்தெட்டாகவும்.
அந்த நாற்பத்தொரு பேர் யார்?
அவர்களுக்கே தெரியாது.
வராத நோய்க்கு யாரும் வந்து
வணக்கம் சொல்வதில்லை.

கீழே உள்ளவர்களுக்குப் பெயர் உண்டு.
சிவனேசன், கொழுந்து மடுவம்.
யோகவதி, ஏழு மாதம்.
ரிஷாந்தினி, ஐந்தாம் வகுப்பு,
புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பென்சில் சீவி வைத்துப்
படுத்தவள்.
இவர்கள் இல்லாமல்
என் நீல வெளிக்கு அடிக்கோடு இல்லை.

கொழும்பில் ஒருவர் கேட்டார்:
கீழ்க்கணக்குத் தரவு ஏன்
ஜூலை இருபத்தொன்பதோடு நிற்கிறது,
இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால்
வித்தியாசம் சுத்தமாகத் தெரிந்திருக்குமே என்று.

அன்றைக்கு விபுலவும் நானும்
குளோரின் டின்னைத் தோள் மாற்றித் தோள் மாற்றி
உடைந்த பாலத்துக்கு அடியால்
முழங்கால் தண்ணியில் நடந்தோம்.
மறுகரையில் நாய் ஒன்று குரைத்தது,
பிறகு கூடவே வந்தது.

தொட்டிவரைக்கும் முக்கால் மணித்தியாலம்.

முக்கால் மணித்தியாலம்தான்.