நினைவில்லாத லோரிகள்

ஊத்தான் மெலிந்தாங் எண்ணெய் ஆலைக்கு
மணிக்குப் பதினொரு லோரி வரும்.
எடைப்பாலம் மணிக்குப் பன்னிரண்டைத் தாங்கும்.
"தாங்குதுல்ல, அப்புறம் என்னா?" என்கிறார் மேனேஜர்.

பதினொன்றும் பன்னிரண்டும்
அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தான்.
நடுவில் இருக்கும் ஒற்றைச் சந்தில்
ஒரு முழு மணி நேரம் சிக்கிக் கிடக்கிறது.

லோரிகள் சொல்லிவைத்தாற்போல் வருவதில்லை.
மழைக்கு முன் இறக்கிவிட வேண்டுமென்று
மூன்று ஒன்றாய் வரும்,
பிறகு ஈ காக்கை இருக்காது,
பிறகு ஐந்து, ஹாரன் அடித்துக்கொண்டு.
பாலம் சும்மா கிடந்த நிமிடத்தை
உண்டியலில் போட்டுவைத்து
நெரிசலில் எடுத்துச் செலவழிக்க முடியாது.
அதனால்தான்
எப்போது எட்டிப் பார்த்தாலும்
சராசரிக்குப் பதினொரு லோரி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம்.
செம்பனைக் குலை வெயிலில் நசிந்து
எண்ணெயில் அமிலம் ஏறுகிறது.
ரொஸ்லான் ஸ்டியரிங்மேல் கால் போட்டுத் தூங்குகிறார்.

ராத்திரி
கடைத்தெரு மாடியறையில், விசிறிக்குக் கீழே,
மடிக்கணினிக்குள் ஆலையை மறுபடி கட்டுகிறேன்.
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
நெத்திலியை ஒதுக்குவதற்குள்
ஆயிரம் புதன்கிழமைகள் ஓடி முடிகின்றன.
ஒவ்வொரு புதனிலும் முதல் இரண்டு மணி நேரத்தை
வெட்டி எறிகிறேன்:
வெற்று வாசலோடு தொடங்கும் காலை
சராசரியைக் கெடுக்கும்.
(ஆறு மணிக்கே வந்து முதல் ஆளாய் நிற்கும்
கணபதியப்பன், மன்னிக்க வேண்டும்,
நீங்கள் அதில் போய்விட்டீர்கள்.)

என் லோரிகளுக்கு ஞாபகம் கிடையாது.
குறையாகச் சொல்லவில்லை, சூத்திரமே அப்படித்தான்.
முன்னது எப்போது வந்தது என்று
பின்னதற்குத் தெரியாது.
யாரும் பாதியில் திரும்புவதில்லை,
யாரும் திட்டுவதில்லை,
யாருக்கும் மூத்திரம் முட்டுவதில்லை.

விடியும் நேரத்தில் அது கிடைத்தது.
எடை போட ஐந்து நிமிடம். அதை நான்காக்கினால்
ஒரு மணி நேரக் காத்திருப்பு
கால் மணி நேரமாகிறது.
நம்பாமல் மூன்று தடவை ஓட்டினேன்.

ஒற்றை நிமிடம். எங்கே இருக்கிறது அது?
கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு
மறுநாள் முழுக்கப் பாலத்தருகே நின்றேன்.

லோரி ஏறும். டிரைவர் இறங்குவார்.
மூன்று படி ஏறி,
கிராணி தர்ஷ்வினியின் கண்ணாடி ஜன்னலில்
வெயில் படாமல் கையை அணைகட்டி
உள்ளே எரியும் சிவப்பு எண்ணை
உதடசைத்து வாசிப்பார்.
அப்புறம் இறங்கிப் போவார்.
அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு நொடி,
அறுபத்து மூன்று, ஐம்பத்தொன்பது.

"பில்லுலதான் அடிச்சு வருதே அண்ணே?"

பரஞ்சோதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"பழைய மெஷின்ல தடவைக்கு நாப்பது கிலோ காணாப் போச்சு.
எட்டு மாசம்.
அப்பவும் பில்லுல அடிச்சுதான் வந்துச்சு."

மேனேஜருக்கு ஒரே வரி போதும்:
ஓட்டுநர்கள் இறங்கத் தேவையில்லை.
நான் வேறு வரி எழுதினேன்:
ரோட்டைப் பார்த்தபடி பெரிய எண்பலகை,
சீட்டில் உட்கார்ந்தே படிக்கிற மாதிரி.
பக்கத்தில் அதன் விலை.
அவர் விலைக்கு மட்டும் அடிக்கோடு போட்டார்.

அன்றிரவு என் நிரலில்
ஐந்தை இரண்டாகப் பிரித்தேன்.
நிறுத்தல்: நான்கு.
பார்த்தல்: ஒன்று.
விடையில் ஒரு புள்ளியும் மாறவில்லை,
அதே பதினொன்று, அதே வாசல்.
ஆனால் இனி அந்த நிமிடத்தை எடுக்கிறவர்
அதன் பெயரைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

அறிக்கை இப்போது அவர் மேசைத் தட்டில்
மேலிருந்து ஏழாவது தாள்.
புதிதாய் வருவதெல்லாம் மேலேதான் விழுகிறது.
வரும் வேகத்தை எண்ணிவிட்டேன்.
போகும் வேகத்தைக் கணக்கிட
இன்னும் ஒரு தாளாவது
நகர வேண்டும்.