இரவல் வாசல்

எங்கள் ஆபீஸ் முகவரியோடு போனால்
எல்லா வலைப்பக்கமும் குளித்துத் தலைசீவி நிற்கும்.
பால் பவுடர், பள்ளிச் சேர்க்கை,
பல் தெரியச் சிரிக்கிற குழந்தை.
இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அதற்குத் தெரியும்.
மூன்றாம் முறை தட்டினால்
நீங்கள் மனிதர்தானா என்று கேட்கும்,
சிக்னல் விளக்குள்ள கட்டங்களைத் தொடச் சொல்லும்.
நான்காம் முறை கதவே இல்லை.

அதனால் வீட்டு முகவரிகளை வாடகைக்கு எடுக்கிறோம்.
அஜ்மானில் ஒரு வரவேற்பறை,
ராஸ் அல் கைமாவில் ஒரு மாடி வீடு,
அல் ஐனில் பேரீச்சந் தோட்டத்துக் காவலறை
என்றெல்லாம் நானாக நினைத்துக்கொள்வதுதான்.
எனக்குத் தெரிவது நான்கு எண்கள், மூன்று புள்ளிகள்.
அந்த ரௌட்டர் வழியே நுழைந்து
அந்த வீட்டாருக்கு என்ன விளம்பரம் காட்டுகிறார்கள் என்று
படமெடுத்து, நேரம் குறித்து,
காசு கொடுத்த கம்பெனிக்கு அனுப்புகிறேன்.

சேர்ந்த வாரம் ஹெபா சொன்னாள்:
ஒரே வாசலை ஒரு நாளில் இருமுறை தட்டாதே.
உள்ளே போனபின் பாதியில் வீடு மாறாதே.
ஷார்ஜாவில் நின்றுகொண்டு
கடிகாரத்தை லண்டனுக்கு வைக்காதே.
மெல்லக் கீழே இறங்கு, ஓரிடத்தில் நில்,
வாசிப்பதுபோல் நில்.
மெஷின் மாட்டிக்கொள்வது
அதற்குக் கொட்டாவி வராததால்.

கொட்டாவிக்கு ஓர் எண் வைத்தேன்:
நான்கு விநாடி முதல் பதினொன்று வரை.
அதன்பின் யாரும் என்னை அவ்வளவாகத் தடுக்கவில்லை.
இரவல் சேலையில் கொய்யகம்
இத்தனை நேர்த்தியாய் எவருக்கும் விழுந்திருக்காது.

போன செவ்வாய் ஷார்ஜா கேட்டேன்.
வந்த எண்ணை எங்கோ பார்த்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை ரௌட்டரைச் சரிசெய்தபோது
என் கையெழுத்தில் எழுதி
கதவுக்குப் பின்னால் ஒட்டியது.

அபூ ஷகாரா, நான்காம் மாடி,
ஆறு கட்டில், ஒரே ஜன்னல், அதிலும் ஏசி.
யார் விற்றார்கள்?
யாரும் விற்கவில்லை.
ஊருக்கு வீடியோ காலில் பேச
மரியதாசன் இறக்கிவைத்த இலவச ஆப்
ஏன் காசு கேட்கவில்லை என்று புரிந்தது.
அவன் மகளின் முகம் அந்தப் பக்கமிருந்து வர
அதே கதவால்
ஊர்பேர் தெரியாதவர்கள் வந்துபோயிருக்கிறார்கள்.
இன்று நான்.

செருப்பைக் கழற்றத் தோன்றியது.

உள்ளே, பணம் அனுப்பும் கம்பெனி நிற்க வேண்டிய இடத்தில்
கனடா.
பண்ணை வேலை, படிப்பு வேண்டாம்,
முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு திர்ஹம்,
இன்றே கடைசி.
நல்ல தமிழ். உத்தரவாதம் என்பதில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை.

ஆபீஸ் முகவரியில் திறந்தேன்: பால் பவுடர்.
அறை வழியே திறந்தேன், ஹெபா சொன்னதை மீறி, இரண்டாம் முறை:
கனடா.

படம் எடுத்தேன். மூன்று நாற்பத்திரண்டு.
'இடம் தவறு, மாற்று விளம்பரம்' என்ற கட்டத்தில் டிக்.
கம்பெனிக்கு எண்பத்தோரு டாலர் திரும்பக் கிடைக்கும்.
ஆறு கட்டிலுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ராத்திரி மரியதாசனிடம்
ஆப்பை அழித்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன்.
அவன் போனில் ஒரு சின்னப் பெண்
விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.
ஏறிப் படுத்துக்கொண்டேன்.

கீழ்க் கட்டிலில் பக்கீர் முகைதீன்
யாரைப் பார்த்தும் இல்லாமல் கேட்டான்:
'கனடால மைனஸ் முப்பதாமே,
நைஃப்ல கம்பளிக்கோட்டு சல்லிசாக் கிடைக்குமா?'

மெல்லக் கீழே இறங்கினேன்.
ஓரிடத்தில் நின்றேன்.
அவன் முகத்தை வாசிப்பதுபோல் நின்றேன்.
'கட்டிட்டியா' என்று கேட்க
எத்தனை விநாடி ஆனதென்று
குறித்துக்கொள்ளவில்லை.