ஏழாவது

தாம்வே சந்தைக்குப் பின்னால்
மாடியில் ஒரு கொரியக் கடை.
கடைக்காரர் கொரியர் இல்லை.
புரோம் பக்கத்துக்காரர், கோ ஸோ தூ.
பதினொரு வருடம் ஆன்சானில் மாண்டூ மடித்து
சுட்டுவிரலில் ஒரு கணு குறைவாகத் திரும்பியவர்.
"மிஷின் தின்ற அளவு நான் தின்றதில்லை" என்பார்,
யாரும் கேட்காமலே.

நீ இரண்டு கல்குக்சு சொன்னாய், ஒரு தட்டு மாண்டூ.
கல் என்றால் அவர்கள் மொழியில் கத்தி.
வகுப்பில் எல்லாரும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்
வாய்பிளந்து கொண்டிருந்தபோது
நாம் மட்டும் இந்தக் கல்லில் இடறிச்
சிரித்தோம், கடைசி பெஞ்சில்.
டீச்சர் பெயர் சொல்லி அதட்டினார்:
உன்னை மின் லுவின் என்று, என்னை ஸின் மார் என்று.
குணாளனும் பவளக்கொடியும்
திட்டு வாங்காமல் தப்பினார்கள்.

கிண்ணம் வந்தது.
கையால் வெட்டிய மாவு, ஒன்றுபோல் ஒன்று இல்லை.
சில ரிப்பன், சில வெறும் நூல்.
வாய் திறந்த நாலு சிப்பி.
வாய் திறக்காத ஒன்றை நீ ஓரம் கட்டினாய்.
ஆவி என் கண்ணாடியை மூடியது,
எவர்சில்வர் குச்சி வழுக்கியது.
கத்தரியை எடுத்துக் கிம்ச்சியை வெட்டினாய்,
லைங்தாயாவில் நாளுக்கு எண்ணூறு சட்டைக் கை
வெட்டும் அதே கையால்,
ஓரம் பிசகாமல்.

மாண்டூ ஏழு.
ஏன் ஏழு என்று முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறோம்.
"எட்டு வைத்தால் எனக்கு நட்டம்.
ஆறு வைத்தால் உங்களுக்குச் சண்டை வராது.
சண்டை வந்தால்தான் இன்னொரு தட்டு சொல்வீர்கள்."

மூன்று நீ.
மூன்று நான்.
நடுத்தட்டில் ஒன்று
வியர்த்துக்கொண்டு.

என் தாள் வந்துவிட்டது உனக்குத் தெரியும்.
பிளாஸ்டிக் கூடாரம், இலை பறிக்கும் வேலை,
செவ்வாய்க்கிழமை விமானம்.
என்னைவிடப் பதினான்கு மார்க் கூட வாங்கியவன் நீ.
உன் வயது ஆண்களின் தாள்
எந்த மேசையில், எதற்கடியில் என்று
கேட்க ஓர் ஆள் இல்லை.
கேட்டவர்களைப் பற்றியும்
கேட்பதற்கில்லை.

"எடுத்துக்கோ" என்றாய்.
"நீ எடு."
எனக்கு அங்கே தினமும் கிடைக்கும் என்று
சொல்ல வாய் திறந்து
அதற்குப் பதில் சூப்பைக் குடித்தேன்.
நாக்கு வெந்தது.

அப்போது கரண்டு போனது.
"டீசல் இல்லை, பொறுங்கள்" என்றது அடுக்களை.
இருட்டில் மழை பக்கத்துத் தகரத்துக்கு வந்துவிட்டது.
பக்கத்து மேசைப் பையன் மட்டும்
நிறுத்தாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
அந்த ஏழாவதை உன் பக்கம் தள்ளிவிட
மெதுவாகக் கை நீட்டினேன்.
தட்டு இருந்த இடத்தில் மேசை இருந்தது.
மேசையில் ஓர் ஈர வட்டம்.
வட்டத்துக்குள் உன் விரல்கள்,
அதே வேலைக்கு வந்தவை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பையன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.
எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

"மீ லாபீ!" என்று தெரு மொத்தமும் கத்தியது.
வெளிச்சத்தில் நம் கைகள்
அவரவர் மடியில் இருந்தன.
"நீதானே தின்றாய்?"
"நானா? நீ."
அடுக்களை வாசலில் கோ ஸோ தூ,
ஒரு கையில் காலித் தட்டு,
ஒரு கன்னம் உப்பி.
"முடிந்தது என்று நினைத்தேன்" என்றார்
மென்றபடி.

யாரும் சண்டை போடவில்லை.
இருந்தும் இன்னொரு தட்டு வந்தது,
சொல்லாமல், பில்லில் ஏறாமல்.
எண்ணினேன்.
எட்டு.
அவருக்கு நட்டம்.

நான்கு நீ.
நான்கு நான்.
தள்ளிவிட
ஒன்றும் இல்லை.