எண்பது கதிரைகள்

எண்பது கதிரை போதும் என்றது
கல்விச் சபையிலிருந்து வந்த மின்னஞ்சல்.
மாலை வேலை என்னுடையது.
ஜிம் தரையில் பாய் விரித்து
எட்டு வரிசை, வரிசைக்குப் பத்து.
வெளியே டொரொன்டோவின் பெப்ரவரி,
ஸ்ட்ரீட்கார் முனகித் திரும்பும் சத்தம்.

இடுப்பில் அறுபத்து மூன்று திறப்பு.
ஒன்றுக்கு மட்டும் கதவில்லை.
எனக்கு முன் வேலை பார்த்த ரெய்மோவும் தேடினானாம்,
அவனுக்கு முன்னிருந்தவனும்.
நூற்று முப்பது வயதுக் கட்டடம்;
ஏதோ சுவருக்குப் பின்னால்
ஓர் அறை பூட்டியே கிடக்கலாம்.

நாலு மணியோடு பள்ளிக்கூடம் முடிகிறது என்பவர்கள்
நாலு மணிக்குப் பிறகு வந்து பார்க்காதவர்கள்.
செவ்வாயில் திபெத்தியரின் நடனம்.
சனியில் எங்கள் அகரம்.
தேர்தல் வந்தால் வாக்குப்பெட்டி.
ஐஸ் புயலில் எதிர்க் கோபுரம் இருண்டபோது
இருபத்து நாலு மாடியும் போர்வையோடு இறங்கி வந்து
உணவறையில் படுத்தது.
இந்தப் பக்கக் கம்பி அறவில்லை;
கொதிகலன் விடிய விடிய இருமியபடி எரிந்தது.

வாசல் பித்தளைத் தகட்டில்
முதலாம் போருக்குப் போய்த் திரும்பாத மாணவர் நாற்பத்தொரு பேர்.
பன்னிரண்டாவது பெயரில்
துணி எப்போதும் சிக்கும்.
நான் படித்த பள்ளிக்கூடத்தில் தகடு இல்லை.
தகடு அடிக்கச் சுவரும் இல்லை.

ஆறு நாற்பதுக்கே எண்பதும் நிறைந்தது.
இசையறையின் கறுப்பு, நூலகத்தின் நீலம்,
ரசாயன அறையின் முதுகில்லாத ஸ்டூல்,
கடைசியில் அதிபரின் சுழல்கதிரை.
அதில் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்த
மூலைக்கடை லெம்லெம்.

மேடையில் ஒரு சிவப்புக் கோடு
இறங்கிக்கொண்டே போனது.
சேர்க்கை குறைவு. நிலத்தின் விலை. கூரை ஒழுகல்.
ஒழுகல் உண்மை. வாளி வைப்பவன் நான்.

ஊழியர் பேசக்கூடாது.
மைக் வயர் சிக்காமல் பிடித்தபடி நின்றேன்.
பதினோராம் வகுப்பு ஆரபி வந்தாள்:
"கணக்கில் நான் இரண்டு தரம் ஃபெயில்.
மூன்றாம் தரம் எங்கே போய் ஃபெயிலாவது?"
மேடைக்காரரும் சிரித்துவிட்டார்,
பிறகு தண்ணீர் குடித்தார்.

ஒன்பதுக்குப் பூட்ட வேண்டும்.
ஒன்பதரை வரை மணிக்கூடு என் கண்ணில் படவில்லை.

முடிவு ஜூனில் என்று சொல்லிப் போனார்கள்.
ஒவ்வொரு கதிரையையும் அதனதன் அறையில் சேர்த்துவிட்டுக்
குறிப்பேட்டைத் திறந்தேன்.
'பயன்படுத்திய தளபாடம்' என்றொரு கட்டம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி
பேனையை மூடினேன்.
திரும்பத் திறந்து,
கட்டத்துக்கு வெளியே:
நின்றவர்கள் வேறு.