இரவல் ஏணி

பதினோரு ஆண்டுகள்
ஒரே கதவைத் தட்டாமல் திறந்து
"ஏணி இருக்கா?" என்று கேட்டவர்
வெண்டல் ஓஸ்ட்ராண்டர்.
கதவுக்குப் பின்னால் வீடில்லை;
ஒட்டுப்பலகை, மணல்மூட்டை,
சாம்பல் கிண்ணத்தோடு ஒரு மடக்கு நாற்காலி.

பிறகு வேறு வேடம் வரவில்லை.
பர்பேங்க் மருந்துக்கடையில்
இருமல் மருந்துக்கு நின்றாலும்
யாராவது ஏணியைக் கேட்பார்கள்.
சிரித்துவைப்பார். ஒருமுறை மட்டும்
"திருப்பித் தந்துவிட்டேனே" என்றார்.
அந்த ஆள் அழுதுவிட்டான்:
அவன் அப்பா சாகும்போது
ஓடிக்கொண்டிருந்ததாம் அந்தத் தொடர்.

இப்போதும் லொரேனுக்குக் காசோலை வருகிறது,
பதினேழு சென்ட்.
தபால்தலை அதைவிட விலை.
அவள் மாற்றுவதில்லை.
நள்ளிரவு மறு ஒளிபரப்பைச்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறாள்.
கதவு திறக்கிறது,
வாய் அசைகிறது.
அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இல்லை.
கராஜில் நிஜமாகவே ஓர் ஏணி,
யாருடையதென்று தெரியாமல்.