அரைச்சுரம் மேலே

எலத்தகிரிக் கோயிலுக்குள் ஐந்து பேர் உட்கார்ந்தோம்.
தபசுக்கால வெள்ளி, மணி ஆறு.
என் மடியில் பிலவேந்திரன் செய்து கொடுத்த சாக்பட்.
ட்ரோம்போன்தான், ஆனால் வாய் விரியாதது.
ஊமத்தம்பூவாய் அகன்று நிற்கும் என் பேண்டு ட்ரோம்போனுக்குப் பக்கத்தில்
இது விடியாத மொட்டு.

ஓசூர் சிப்காட்டில் அவனுக்கு நைட் ஷிப்ட்.
பம்பு ஷாப்டுக்கு மைக்ரான் பார்க்கிற கை.
எங்கோ ஒரு மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதன்
அளவுகளை எழுதி வாங்கி,
"தகடு அரை மில்லி கூட இல்லடா" என்றான்,
"அடிச்சே மெலிச்சிருக்கான். மெஷின்ல வராது."
ஒன்பது ஞாயிறு சுத்தியலோடு போனது.
எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை போலீசைக் கூப்பிட்டார்.

இருபது வருஷமாய் நான் ஊதுவது
சாவுக்கும் சப்பரத்துக்கும்.
ஜெனரேட்டரை, பம்பையை, வாணவெடியைத் தாண்டிப்
போய்ச் சேர வேண்டிய சத்தம்.
இதில் அப்படி ஊதினால் உடைகிறது,
கல்யாண வீட்டில் வேட்டி கிழிந்த மாதிரி.
ஊதாதே, சொல்லு என்கிறது.
தெரெ, லெரெ, தெரெ, லெரெ என்று
நாக்கு உருள வேண்டும்.
பக்கத்தில் பாடும் ரெஜினாளின் குரலை
மிதிக்காமல் நடக்க வேண்டும்.

தாளில் சுரம் இருக்கிறது.
எங்கே மூச்சு, எவ்வளவு மெல்ல, ஒன்றுமில்லை.
நானூறு வருஷத்துக்கு முன் இதை ஊதியவனுக்கும்
சம்பளம் பாக்கி இருந்திருக்கும்,
ஒரு பல் ஆடியிருக்கும்.
அவனிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான்:
எச்சிலை எங்கே வடித்தாய்?
இதில் அதற்கொரு துளை இல்லை. நான்
கிரானைட் தரையிலேயே கவிழ்த்தேன்,
பாதர் மெழுகுவத்தி தேடிப் போன நேரம்.

மெழுகுவத்தி ஏனென்றால் கரண்ட் போய் இருபது நிமிஷம்.
சுதி சேரவில்லை.
நாங்கள் தேடிய பழைய சுதி
இன்றையதைவிட அரைச்சுரம் மேலே.
ஆர்மோனியம் ஒத்து வராது,
போனில் இருந்த ட்யூனர் சார்ஜோடு செத்தது.
தஸ்நேவிஸ் தோல் சுற்றிய வளைந்த மரக்கொம்பைக்
கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தான்,
முட்டை அடைகாக்கிறவன் மாதிரி.
அப்போது தொலைவில், சென்னை ரோட்டில்,
கல் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று
நீளமாய் ஹாரன் அடித்தது.

ஐந்து பேரும் நிமிர்ந்தோம்.
அதேதான்.
ரெஜினாள் அதைத் தொண்டைக்குள் பிடித்து வைத்திருந்தாள்,
ஒவ்வொருவராய் நாங்கள் வந்து சேரும்வரை.

முன் பெஞ்சில் ஒருவர் பக்கத்தவரிடம் கேட்டார்,
"பேண்டு எப்ப ஆரம்பிப்பாங்க?"
நாங்கள் மூன்றாவது உருப்படியில் இருந்தோம்.

மறுநாள் காலை பர்கூரில் ஒரு சாவு.
சிவப்புக் கோட்டு, பெரிய ட்ரோம்போன்.
உதட்டில் மட்டும் நேற்றைய வளையம்,
தட்டை விளிம்பு அழுத்திய தடம், கொஞ்சம் எரிந்தது.
பூப்பாடை தெருமுனை திரும்பும்போது
எப்போது மாறினேன் என்று தெரியவில்லை,
சொல்லிக்கொண்டிருந்தேன்.
தெரெ, லெரெ.

மாதேஷ் ட்ரம்மை அடித்தபடியே திரும்பிப் பார்த்தான்:
"என்னண்ணா, சாப்பிடலையா?"
தலையாட்டினேன், ஆமாவா இல்லையா என்று எனக்கே விளங்காமல்.
நாலு தப்படி, மிஞ்சினால் ஐந்து,
அவனும் குச்சியைத் தாழ்த்தினான்.
செருப்புகள் கேட்டன.
பாடைக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது,
மூங்கில் முனகுவது கேட்டது.

அப்புறம் எவனோ
பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினான்.